இடுப்பை ஒடித்த குற்றவாளி சிக்கினான்: ஒன்றரை அடிக் காம்பு!

தோட்ட வேலை செய்பவர்களே, உஷார்!

சுங்குவார்சத்திரம்,–

திருட்டு, விபத்து, குழாய் உடைப்பு. தினமும் நான் எழுதுவது இவைதான். இந்த வாரம் வந்தது ஒரு விசித்திரமான கேஸ்.

காயம்பட்டவர் என் சித்தி. வயது 46. காயம் இடுப்பில்.

ரத்தம் இல்லை. வெட்டு இல்லை. எலும்பு முறிவும் இல்லை. ஆனால் குடம் தூக்க முடியவில்லை. பஸ் படி ஏற முடியவில்லை. ராத்திரி புரண்டு படுத்தால் "அம்மா" என்று ஒரு கத்தல்.

"யாரு அடிச்சது சித்தி?"

"யாருமே அடிக்கலைடா. தானா வந்தது."

தானாக எதுவும் வராது. இது எங்கள் தொழிலில் முதல் பாடம். போலீசில் புகார் இல்லை. எனவே துப்புத் துலக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அன்று வயல், இன்று புல்தரை

காலை 6 மணிக்கு சுங்குவார்சத்திரம் கூட்டு ரோட்டில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனி பஸ்கள். இன்னொரு பக்கம் ஷேர் ஆட்டோக்கள். அதில் டிபன் பாக்சும் தலையில் கட்டத் துண்டுமாக ஏறும் பெண்களைப் பாருங்கள். அவர்கள் மிஷின் ஓட்டுகிறவர்கள் அல்ல. ஆலைக்குள் புல் செதுக்க, களை பறிக்க, செடி வெட்ட, இலை கூட்டப் போகிறவர்கள். "கார்டன் வேலை" என்று சொல்வார்கள்.

சிப்காட் நிறுவனம் 1971-ம் ஆண்டு ஏற்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் சுற்று வட்டாரமே மாறிவிட்டது. நெல் விளைந்த இடத்தில் ஆலை. ஆலைக்கு முன்னால் புல்தரை, பூச்செடி. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும் பெரிய ஆலைகள் மரம், செடி வளர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளியே நெடுஞ்சாலை நடுவிலும் அரளிச்செடி வரிசை.

செடி இருந்தால் களை இருக்கும். களை இருந்தால் குனிய ஆள் வேண்டும்.

அன்று வயலில் குனிந்த அதே பெண்கள் இன்று புல்தரையில் குனிகிறார்கள். என் சித்தியும் அப்படித்தான். ஒரு கான்டிராக்டர் மூலம் ஓர் ஆலையில் 9 வருஷம் வேலை பார்த்தார். கையில் ஒரு களைக்கொத்து. அதன் காம்பு ஒன்றரை அடி.

ஆயுதம் கிடைத்தது. அடுத்து விசாரணை.

நிருபர் செய்த சோதனை

ஞாயிற்றுக்கிழமை அந்தக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக் கொல்லையில் இறங்கினேன். வயசுப் பையன், நமக்கென்ன என்ற திமிர். கோரைப் புல்லைக் கொத்த ஆரம்பித்தேன்.

பத்து நிமிஷம்: ஒன்றும் இல்லை. இருபது நிமிஷம்: இடுப்பில் சூடு. நாற்பது நிமிஷம்: தொடைக்குப் பின்னால் இழுப்பு. ஒரு மணி நேரம் ஆனதும் நிமிரப் பார்த்தேன். முடியவில்லை! முழங்காலில் கையை ஊன்றி, கிழவன் மாதிரி எழுந்தேன். திங்கட்கிழமை ஆபீசுக்கு நின்றுகொண்டே பஸ்சில் போனேன். உட்கார்ந்தால்தான் வலி.

ஒரு மணி நேரத்துக்கே இப்படி. சித்தி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்.

முதுகுக்குள் நடப்பது என்ன?

முதுகெலும்பில் எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை மாதிரித் தட்டுகள் இருக்கின்றன. டிஸ்க் என்கிறார்களே, அதுதான். மொத்தம் 23. உள்ளே கூழ். சுற்றிலும் நார் வளையம்.

சுவீடன் நாட்டில் நாக்கெம்சன் என்ற எலும்பு டாக்டர் இருந்தார். 1960-களில் உயிருள்ள ஆளின் முதுகுத் தட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார். அவர் போட்ட கணக்கு இது: நேராக நிற்கும்போது அழுத்தம் 100 என்றால், மல்லாந்து படுத்தால் 25. முன்னால் குனிந்தால் 150. கையில் பாரத்தோடு குனிந்தால் 220.

நிமிர்ந்து நிற்பவனை விட, குனிந்து பாரம் எடுப்பவன் முதுகில் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம்!

நிமிர்ந்தால் தட்டு மூச்சு விடும். நிமிரவே விடாமல் மணிக்கணக்கில் குனிந்திருந்தால் நார் வளையம் இழுபட்டு நைந்து போகும். ஒரு நாள் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும். அப்போது வலி இடுப்பில் நிற்காது. பின்புறம், தொடை, கெண்டைக்கால் வரை மின்சாரம் மாதிரி பாயும்.

"திடீர்னு பிடிச்சுக்கிச்சு" என்கிறோம். திடீர் அல்ல. பல வருஷத்துப் பாக்கி ஒரே நாளில் வசூலாகிறது.

"நிமிர்ந்தா கேள்வி!"

"ஏன் சித்தி, நடுவுல நிமிர்ந்து நிக்கக் கூடாதா?"

"நிமிர்ந்தா மேஸ்திரி பார்ப்பாரு. சும்மா நிக்கிறேன்னு கேள்வி வரும். குனிஞ்சு இருந்தாத்தான் வேலை செய்யிற மாதிரி."

இந்த வாக்குமூலம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், இதே வாக்குமூலம் ஏற்கனவே அமெரிக்காவில் பதிவாகி இருக்கிறது. வழக்கும் நடந்து தீர்ப்பும் வந்திருக்கிறது.

கலிபோர்னியா வழக்கு

கலிபோர்னியா மாநிலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கீரை வயல், கிழங்கு வயல். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவில் இருந்து வந்த கூலிகள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட களைக்கொத்தின் காம்பு ஒரு அடி முதல் இரண்டு அடி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "எல் கோர்ட்டிட்டோ". நம் பாஷையில் "குட்டையன்".

நாளெல்லாம் இடுப்பை மடித்து வேலை. இளம் வயதிலேயே முதுகு போனது. விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேசும் இந்தக் குட்டையனைப் பிடித்தவர்தான். கடைசி வரை முதுகு வலியோடு வாழ்ந்தார்.

வயலில் மேற்பார்வை பார்த்தவர்களுக்கு அந்தக் குட்டைக் காம்பு ஏன் பிடித்தது தெரியுமா? தூரத்தில் இருந்து பார்த்தாலே போதும். குனிந்திருப்பவன் வேலை செய்கிறான், நிமிர்ந்தவன் செய்யவில்லை!

சுங்குவார்சத்திரத்துக்கும் கலிபோர்னியாவுக்கும் ஒரே சட்டம் பாருங்கள்.

ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல்கள் 1972-ல் தொழில் பாதுகாப்பு இலாகாவில் மனு போட்டார்கள். இலாகா தள்ளிவிட்டது. "கருவி பழுதாக இருந்தால்தான் ஆபத்தான கருவி. இது நன்றாகத்தானே இருக்கிறது?" என்பது இலாகாவின் கட்சி. நீளக் காம்பு கொடுத்தால் பயிர் வெட்டுப்படும் என்றார்கள் பண்ணை முதலாளிகள்.

வழக்கு அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் போனது. 1975-ம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பு. உடைந்த கருவிதான் ஆபத்து என்பது தவறு. நன்றாக உள்ள கருவியும், வழக்கப்படி பிடித்து வேலை செய்வதாலேயே ஆளை முடமாக்கினால், அதுவும் ஆபத்தான கருவிதான் என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் குட்டையன் தடை செய்யப்பட்டான்.

பயிர் அழிந்ததா? இல்லை. விவசாயம் படுத்ததா? இல்லை. நீளக் காம்போடு வேலை நடந்தது.

நம் ஊரிலும் சாட்சி உண்டு

அமெரிக்கா வரை போவானேன்? திருந்திய நெல் சாகுபடியில் கோனோ வீடர் என்ற கருவியை நம் விவசாயிகள் தள்ளுகிறார்கள். நாற்றைச் சதுரமாக, இடைவெளி விட்டு நடுவார்கள். நடுவில் இந்த உருளைக் கருவியை நின்றுகொண்டே முன்னும் பின்னும் தள்ளினால் களை சேற்றில் அமுங்கும். களை எடுக்கக் குனியத்தான் வேண்டும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

இன்னொரு சாட்சி. ஜவுளிக்கடை, நகைக்கடைச் சிப்பந்திகள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த காலம் ஒன்று உண்டு. அவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. நிற்பவருக்கு உட்கார உரிமை வந்தது. குனிபவருக்கு நிமிர உரிமை வேண்டாமா?

என்ன செய்ய வேண்டும்?

ஆலைத் தோட்டமோ, வீட்டுக் கொல்லையோ, மொட்டை மாடித் தொட்டியோ, உடம்பு ஒன்றுதான். இதோ வழிகள்:

காம்பு: களைக்கொத்து, துடைப்பம், இலை வாரி எதுவானாலும் காம்பு நீளமாக இருக்கட்டும். தரையில் ஊன்றி நின்றால் தோளுக்கு மேல் வர வேண்டும். பழைய கொத்தைத் தூக்கிப் போட வேண்டாம். தலையை வைத்துக்கொண்டு காம்பை மட்டும் மாற்றலாம். மண்வெட்டி ஓங்கி வெட்டும் கருவி. அதற்கு இவ்வளவு நீளம் ஆகாது. வெட்டும்போது ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்குங்கள்.

கிட்டத்தில் வேலை என்றால்: குனியாதீர்கள், இறங்குங்கள். ஒரு முழங்காலைச் சாக்கு மடிப்பின் மேல் ஊன்றி, மற்ற காலை மடித்து வையுங்கள். அல்லது ஒரு குட்டி ஸ்டூலில் உட்காருங்கள். ரொம்ப நேரம் குந்தி உட்கார்ந்தால் முழங்கால் தேயும். கால் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கடிகாரம்: 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் நிமிருங்கள். இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, மெதுவாகப் பின்னால் சாயுங்கள். ஐந்து தரம் போதும். அரை நிமிஷ வேலை. அரை நிமிஷம் நிமிர விட்டால் ஆலை நஷ்டப்படாது.

வேலை மாற்றம்: ஒரு மணி நேரம் களை, அடுத்து தண்ணீர், அடுத்து கூட்டல் என்று மாற்றிப் போடுங்கள். ஒரே ஆளை நாள் முழுக்கக் கத்தரி பிடிக்க வைத்தால் மணிக்கட்டு வீங்கும். ராத்திரி விரல் மரத்துப் போகும். மழுங்கிய கத்தரி இரட்டிப்பு பலம் கேட்கும். சாணை பிடித்து வையுங்கள்.

பாரம்: தொட்டியைத் தூக்கும் முன் கிட்டே போங்கள். முழங்காலை மடக்கி, வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாதீர்கள். காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒருவர் தூக்க 23 கிலோதான் எல்லை என்பது அமெரிக்க தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1991-ல் போட்ட கணக்கு. யூரியா மூட்டை 45 கிலோ. இரண்டு பேர் பிடியுங்கள்.

தண்ணீர்: ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. 15 லிட்டர் வாளியை ஒரே கையில் சுமந்தால் முதுகு ஒரு பக்கம் கோணும். இரண்டு கையிலும் அரை அரை வாளியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹோஸ் பைப் இருந்தால் இன்னும் உத்தமம்.

ஞாயிற்றுக்கிழமை வீரர்களுக்கு

ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறோம். அல்லது கல்லாவில் உட்காருகிறோம். ஏழாம் நாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வீரம் காட்டுகிறோம். நான் மாட்டிக்கொண்டதும் இப்படித்தான்.

படுக்கையை விட்டு எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகுத் தட்டுகள் ராத்திரி உறிஞ்சிய நீரால் பருத்திருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் இன்னும் அதிகம். எனவே எழுந்ததும் நேராகக் கொல்லைக்கு ஓடாதீர்கள். காபி குடியுங்கள். பேப்பர் படியுங்கள். தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். பிறகு இறங்குங்கள். முதல் நாள் அரை மணி நேரம் போதும். மொட்டை மாடிக்கு மண் சுமப்பவர்கள், ஒரே நாளில் பத்து மூட்டை ஏற்ற நினைக்க வேண்டாம். மாடி எங்கும் ஓடிப் போகாது.

வெட்டு, கடி, வெயில்

தோட்டத்தில் வலி மட்டும் அல்ல, வேறு எதிரிகளும் உண்டு.

மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். முள் குத்தினாலும் துருப்பிடித்த தகடு கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பெரியவர்கள் 10 வருஷத்துக்கு ஒரு தரம் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அழுக்குக் காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி போங்கள்.

அரளி வெட்டுபவர்கள் கையுறை போட வேண்டும். இலை, பூ, பால் எல்லாமே விஷம். வெட்டிய கையோடு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பார்த்தீனியச் செடியை வெறுங்கையால் பிடுங்கினால் தோல் தடித்து அரிக்கும். புல் வெட்டும் மிஷின் கல்லைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி எறியும். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குப் பூட்ஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இலைக் குவியலுக்குள் கையை விடாதீர்கள். முதலில் குச்சியால் கிளறுங்கள். கண்ணாடி விரியனுக்கு அது மெத்தை. கடித்து விட்டால் கட்டு போடாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்று. கடிபட்ட கை காலை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. பாம்புக் கடியை டாக்டர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அரசே அவ்வளவு கவனமாக இருக்கிறது. நாம் மந்திரிப்பவரிடம் நேரத்தைத் தொலைக்கலாமா?

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் காலத்தில் குனியும் வேலையைக் காலை 10 மணிக்குள் முடியுங்கள். தாகம் வரும் வரை காத்திராமல் 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வேர்த்து ஊற்றினால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடிக்கலாம்.

எப்போது டாக்டர்?

சாதாரணப் பிடிப்பு என்றால் பயம் வேண்டாம். ஓரிரு நாள் கனமான வேலையை விடுங்கள். ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். மெல்ல நடந்தால்தான் சீக்கிரம் விடும். தைலம் தேயுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகை முறுக்க யாரையும் விடாதீர்கள்.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், கால் மரத்தால், செருப்பு தானாகக் கழன்று போகும்படி பாதம் தளர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் போவது தெரியவில்லை, அல்லது அடைத்துக்கொண்டது என்றால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீர்கள். அது அவசர கேஸ்.

கான்டிராக்ட் ஆட்களும் ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. பொருந்தும் ஆலையில் கான்டிராக்டர் மூலம் வந்தவருக்கும் அது உண்டு. கான்டிராக்டர் பணம் கட்டாவிட்டால் பொறுப்பு ஆலையைச் சேரும். சந்தா நாட்கள் சரியாக இருந்து, டாக்டர் சீட்டு கொடுத்தால் நோய்க் காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். சித்திக்கு இது தெரியாது. வலி வந்ததும் அவராகவே வேலையை விட்டு நின்றுவிட்டார். போனது அவருடைய உரிமைப் பணம்.

தீர்ப்பு

கேஸ் முடிந்தது. குற்றவாளி குட்டைக் காம்பு. உடந்தை, "நிமிர்ந்தவன் சோம்பேறி" என்ற நினைப்பு.

காம்பை மாற்ற ஒரு மூங்கில் கழி போதும். நினைப்பை மாற்ற ஆலை அதிகாரிகளும் கான்டிராக்டர்களும் மனது வைக்க வேண்டும். கார் செய்கிற இடத்தில் மிஷின் உயரத்தை ஆளுக்குத் தக்கபடி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, வாசலில் புல் செதுக்கும் பெண்ணின் கையில் இருக்கும் காம்பு எத்தனை அடி என்று பார்க்கத் தெரியாதா?

சித்தி வீட்டுக் கொல்லையில் நான்கு கத்தரி, இரண்டு வெண்டை, ஒரு முருங்கை. பழைய களைக்கொத்துக்கு நீளக் காம்பு போட்டுக் கொடுத்திருக்கிறேன். வலி முழுசாக விடவில்லை. ஆனாலும் காலையில் கொஞ்ச நேரம் நின்றபடியே கொத்துகிறார். நடுவில் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, ரோட்டில் போகிற கம்பெனி பஸ்சைப் பார்க்கிறார்.

ஏன் நிற்கிறாய் என்று அங்கே கேட்க ஆள் இல்லை.

– நமது நிருபர்